"கம்பெனியோட பேசிட்டிருக்கோம்": விமானம் வழி மாறும்போது கேப்டன் யாரிடம் பேசுகிறார்?

சில வருஷங்களுக்கு முன்னால், ஒரு நவம்பர் ராத்திரி. தில்லியிலிருந்து சென்னை வந்துகொண்டிருந்தேன். சென்னையில் நல்ல மழை. விமானம் மேலேயே வட்டமடித்தது. ஒரு சுற்று, இரண்டு சுற்று, அப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டேன். முக்கால் மணி நேரம் கழித்து பெங்களூருவில் இறக்கிவிட்டார்கள். இறக்கினார்கள் என்றால் ஓடுதளத்தில்தான். எங்களைக் கீழே விடவில்லை. இரண்டு மணி நேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தோம். அரை மணிக்கு ஒருமுறை கேப்டன் மைக்கில் வருவார்: "கம்பெனியோட பேசிட்டிருக்கோம், தகவல் வந்ததும் சொல்றோம்."

பக்கத்து சீட்டில் ஒரு பெரியவர். மூன்றாவது தடவை இதைக் கேட்டதும் என் பக்கம் திரும்பி, "கம்பெனின்னா யாரு தம்பி? முதலாளியா?" என்றார். எனக்கு பதில் தெரியவில்லை. "யாராவது மேனேஜரா இருக்கும் சார்" என்று சொல்லிச் சமாளித்தேன். அந்தக் கேள்வி மட்டும் மனசில் தங்கிவிட்டது. அதற்குப் பிறகு விபத்து விசாரணை அறிக்கைகள், விதிமுறைகள் என்று அவ்வப்போது படித்ததைத்தான் இங்கே தொகுத்து வைக்கிறேன்.

சுருக்கமான பதில்: அந்தக் "கம்பெனி" பெரும்பாலும் ஒரே ஒரு ஆள். அவர் பெயர் டிஸ்பாட்சர்.

தரையில் இருக்கும் இன்னொரு பொறுப்பாளி

விமானிகள் பேசுவது கட்டுப்பாட்டு கோபுரத்தோடு மட்டும்தான் என்று நாம் நினைக்கிறோம். சினிமாவும் அப்படித்தான் காட்டுகிறது. உண்மையில் ஒரே சமயத்தில் இரண்டு தனித்தனி உரையாடல்கள் நடக்கின்றன. ஒன்று வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளரோடு, அதாவது ஏடிசியோடு. அவருடைய முதல் கவலை விமானங்கள் ஒன்றோடொன்று மோதக்கூடாது, வரிசை கலையக்கூடாது என்பது. உங்கள் விமானத்தில் எத்தனை கிலோ எரிபொருள் மிச்சம் என்பது நீங்கள் சொன்னால் ஒழிய அவருக்குத் தெரியாது. இன்னொன்று டிஸ்பாட்சரோடு. அவர் விமான நிறுவனத்தின் ஆள். எரிபொருளைக் கணக்குப் போட்டதே அவர்தான்.

அமெரிக்காவில் இந்த வேலைக்கு இருக்கும் சட்ட அந்தஸ்தைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். அங்கே அட்டவணைப்படி பறக்கும் பயணிகள் விமானம் புறப்படுவதற்குமுன் திட்டமிடல், தாமதம், புறப்பாட்டு அனுமதி ஆகிய மூன்றுக்கும் கேப்டனும் டிஸ்பாட்சரும் கூட்டுப் பொறுப்பு. விமானம் கிளம்பிய பிறகும் அவர் வேலை முடிவதில்லை. அது போகும் போக்கைக் கண்காணிக்க வேண்டும், பாதுகாப்புக்குத் தேவையான தகவலைக் கொடுக்க வேண்டும், திட்டப்படி பத்திரமாகப் போக முடியாது என்று அவருக்கோ கேப்டனுக்கோ தோன்றினால் திட்டத்தை மாற்ற வேண்டும். டிஸ்பாட்சர் உரிமம் வாங்க 23 வயது ஆகியிருக்கணும். வழக்கமான நாட்களில் தொடர்ந்து பத்து மணி நேரத்துக்கு மேல் பணியில் வைக்கக்கூடாது. வருஷத்துக்குக் குறைந்தது ஐந்து மணி நேரம் காக்பிட்டில் உட்கார்ந்து பறந்து பார்க்கவும் வேண்டும். மேலே இருப்பவரின் நெருக்கடி எப்படியிருக்கும் என்று கீழே இருப்பவர் மறந்துவிடக் கூடாது என்பதற்காக. எல்லா நாட்டிலும் பொறுப்பு இப்படிச் சரிபாதியாகப் பங்கிடப்படவில்லை. பல இடங்களில் சட்டத்தின் கண்ணில் கேப்டன் ஒருவர்தான்.

இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் ஒரு சாவு இருக்கிறது. 1935 மே 6 அதிகாலை, டிடபிள்யூஏ நிறுவனத்தின் டிசி-2 விமானம் கன்சாஸ் சிட்டியை நோக்கி வந்துகொண்டிருந்தது. ரேடியோவில் கோளாறு, இரவு நேர அலைவரிசையில் சரியாகப் பேச முடியவில்லை. கன்சாஸ் சிட்டியில் மேகம் தாழ்ந்து கிடந்தது. எரிபொருளும் குறைந்துகொண்டே வந்தது. கர்க்ஸ்வில் என்ற இடத்து அவசரத் தளத்தை நோக்கித் திரும்பியவர்கள், மூடுபனியில் மிசௌரி மாநிலத்தின் அட்லாண்டா என்ற சிற்றூருக்கு அருகே தரையில் மோதினார்கள். இறந்தவர்களில் ஒருவர் நியூ மெக்சிகோ செனட்டர் ப்ரான்சன் கட்டிங். செனட்டர் செத்தால் செனட் சும்மா இருக்குமா? விசாரணைக் குழு அமைந்தது. அந்த விவாதங்களின் தொடர்ச்சியாக 1938-ல் சிவில் ஏரோநாட்டிக்ஸ் சட்டம் வந்தது. டிஸ்பாட்சர் என்பது உரிமம் பெற்ற தொழிலாக நிலைபெற்றது அந்தச் சட்டத்தின் காலத்தில்தான்.

மோசமான வானிலை, குறையும் எரிபொருள், சரியாகப் பேச முடியாத நிலை. இந்த மூன்றும் ஒன்றாகச் சேரும் இடம்தான் டைவர்ஷன்.

கிளம்பும்போதே எழுதப்பட்ட "ஒருவேளை"

டைவர்ஷன் என்பது நடுவானில் திடீரென்று எடுக்கும் முடிவு என்று நினைக்க வேண்டாம். அதன் பாதி தரையிலேயே எழுதப்பட்டுவிடுகிறது.

அமெரிக்க உள்நாட்டு விதி ஒன்றை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். போய்ச்சேரும் நேரத்துக்கு ஒரு மணி முன்பிலிருந்து ஒரு மணி பின்பு வரை, சேருமிடத்தில் மேகத்தின் அடிமட்டம் 2,000 அடிக்குக் கீழே போகலாம், அல்லது பார்வைத் தூரம் 3 மைலுக்குக் கீழே போகலாம் என்று முன்னறிவிப்பு சொன்னால், மாற்று விமான நிலையம் ஒன்றைக் குறித்தே ஆகணும். எரிபொருள் கணக்கு: சேருமிடம் வரை போக, அங்கிருந்து மாற்று இடத்துக்குப் போக, அதற்கு மேல் 45 நிமிஷம் பறக்க. வட்டமடிக்க வேண்டிவரும் என்று தோன்றினால் அதற்கும் சேர்த்து.

இதிலிருந்து ஒரு எண் கிடைக்கிறது. "டாங்க்கில் இவ்வளவுக்குக் கீழே போய்விட்டால், இனி மாற்று இடத்துக்குப் போய் விதிப்படி மிச்சம் வைக்க முடியாது" என்ற எண். டைவர்ஷன் பற்றிய பேச்செல்லாம் கடைசியில் இந்த எண்ணைச் சுற்றித்தான். அதைத் தொடுவதற்குமுன் முடிவெடுத்துவிட்டால் அது டைவர்ஷன். தாண்டிய பிறகு எடுத்தால் அதற்குப் பெயர் வேறு.

மேலே தெரிவதும் கீழே தெரிவதும்

விமானிக்குத் தெரிவது: முன்னால் ரேடாரில் நிற்கும் இடிமேகம், விமானம் எப்படிக் குலுங்குகிறது, இந்த நிமிஷம் எவ்வளவு எரிபொருள், ஏடிசி எவ்வளவு நேரம் காக்கச் சொல்கிறார். டிஸ்பாட்சருக்குத் தெரிவது: 300 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மாற்று இடத்தில் இப்போது என்ன வானிலை, அடுத்த ஒரு மணியில் என்ன ஆகும், அங்கே நிறுத்த இடம் இருக்கா, எரிபொருள் நிரப்ப ஆள் இருக்கா, சர்வதேச விமானம் என்றால் குடியேற்றம், சுங்கம் திறந்திருக்கா, விமானிகளின் பணி நேரம் முடிந்துவிடுமா, திரும்பக் கிளம்ப முடியுமா.

இரண்டு பேரிடமும் பாதிப் படம்தான் இருக்கிறது. இரண்டு பாதியையும் சேர்க்கும் கம்பி ரொம்ப மெல்லிசு. 1978-ல் அறிமுகமான ஏகார்ஸ் என்ற எழுத்துச் செய்தி முறைதான் இன்றும் முதுகெலும்பு. காக்பிட்டில் இருக்கும் சின்னத் திரைக்கோ அச்சுப்பொறிக்கோ தந்தி மாதிரி வரும். ஒரு துண்டில் 220 எழுத்துகள்தான். நம்ம பழைய எஸ்எம்எஸ் போலவே. அதைத் தவிர குரல் ரேடியோ, செயற்கைக்கோள் தொலைபேசி.

இதோடு இன்னொரு தடை. அமெரிக்காவில் 1981 முதல் இருக்கும் விதிப்படி, தரையிலிருந்து 10,000 அடி வரை காக்பிட்டில் அவசியமில்லாத எந்தப் பேச்சும் எந்த வேலையும் கூடாது. இறங்கப் போய், ஓடுதளம் தெரியாமல் மறுபடி மேலே ஏறும் விமானியிடம் "அடுத்த விமானத்துக்குப் பயணிகள் எத்தனை பேர்?" என்று யாரும் கேட்கக் கூடாது. ஆனால் மாற்று இடத்தில் வானிலை மோசமாகிறது என்ற செய்தி அந்த நேரத்திலும் போய்ச் சேரணும். எதை, எப்போது, எத்தனை வார்த்தையில் சொல்வது என்பதுதான் டிஸ்பாட்சரின் திறமை. நல்ல செய்தி ஒன்றில் மூன்று விஷயம் இருந்தால் போதும்: என்ன மாறியிருக்கிறது, உன் கையில் என்னென்ன வழி இருக்கிறது, எப்போதுக்குள் முடிவு வேண்டும்.

பேசாமல் போன 77 நிமிஷம்

இது சரியாக நடக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஏவியான்கா 52 விமானத்தை விடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

1990 ஜனவரி 25. கொலம்பியாவின் பொகோட்டாவில் கிளம்பி, மெடயின் வழியாக நியூயார்க் கென்னடி விமான நிலையத்துக்கு வந்த போயிங் 707. உள்ளே 158 பேர். அமெரிக்கக் கிழக்குக் கரையில் வானிலை மோசம். ஏடிசி மூன்று இடங்களில் வட்டமடிக்க வைத்தது. மொத்தம் 77 நிமிஷம். குறித்திருந்த மாற்று இடம் பாஸ்டன்.

அந்த 77 நிமிஷத்தில் யாராவது ஒருவர் உட்கார்ந்து, "இப்போது எவ்வளவு இருக்கிறது, பாஸ்டனுக்கு எவ்வளவு வேணும், எப்போது கிளம்பணும்" என்று கணக்குப் போட்டிருக்க வேண்டும். தரையில் அதற்கு ஆள் இருந்தார்கள். விமானத்திலிருந்து அவர்களை யாரும் கூப்பிடவில்லை. மூன்றாவது வட்டத்தில்தான் ஏடிசியிடம் முன்னுரிமை வேண்டும் என்றார்கள். மாற்று இடம் எது என்று கேட்டபோது, பாஸ்டனாக இருந்தது, இப்போது முடியாது, எரிபொருள் தீர்கிறது என்ற பொருளில் துணை விமானி பதில் சொன்னார். இறங்கப் போன முதல் முயற்சி காற்றின் திடீர் மாற்றத்தால் தவறியது. மறுபடி மேலே ஏறும்போது, அவசர நிலை என்று சொல்லச் சொன்னார் கேப்டன். துணை விமானி ஏடிசியிடம் எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது என்றார். "எமர்ஜென்சி" என்ற வார்த்தையைச் சொல்லவே இல்லை. சொல்லியாச்சு என்று கேப்டனிடம் தெரிவித்தார். கேப்டன் நம்பினார். நான்கு இன்ஜினும் நின்று, லாங் ஐலண்டின் கோவ் நெக் என்ற ஊரில் விமானம் விழுந்தது. 73 பேர் இறந்தார்கள். தீப்பிடிக்கவில்லை. எரிவதற்கு எதுவும் மிச்சமில்லை.

எரிபொருளைச் சரியாகக் கையாளாததும், அவசர நிலையை நேரத்தில் தெரிவிக்காததும்தான் காரணம் என்றது அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம். அதோடு, நிறுவனத்தின் டிஸ்பாட்ச் அமைப்பை விமானிகள் உதவிக்குப் பயன்படுத்தாததையும் துணைக் காரணமாக எழுதியது. குறைந்த எரிபொருள், அவசர எரிபொருள் ஆகியவற்றுக்கு எல்லோருக்கும் ஒரே மாதிரிப் புரியும் சொற்கள் இல்லாததும் அந்தப் பட்டியலில் இருந்தது.

எனக்கு இதில் ரொம்ப உறுத்துவது அந்தத் தயக்கம்தான். நாமும் டாக்டரிடம் போனால் "கொஞ்சம் வலி இருக்கு" என்றுதானே சொல்கிறோம்? ஏடிசி தினமும் எத்தனையோ விமானங்களிடம் முன்னுரிமைக் கோரிக்கையைக் கேட்கிறது. அந்தச் சொல்லுக்கு எடை இல்லை. எடையுள்ள சொல்லைச் சொல்லக் கூச்சம், பயம். தரையில் சொந்தக் கம்பெனி ஆள், சொந்த மொழியில், "சொல்லுப்பா, எமர்ஜென்சின்னு சொல்லு" என்று சொல்லியிருந்தால்?

பேச்சே சுமையாகும்போது

பேசினால் மட்டும் போதுமா? 2000 ஜனவரி 31-ல் நடந்தது வேறு மாதிரி. அலாஸ்கா ஏர்லைன்ஸ் 261, எம்டி-83 ரகம், மெக்சிகோவின் புவர்ட்டோ வயார்ட்டாவிலிருந்து சான் பிரான்சிஸ்கோ வழியாக சியாட்டல் போக வேண்டியது. வாலில் இருக்கும் கிடைத்தகடு அசையாமல் சிக்கிக்கொண்டது. விமானிகள் சியாட்டலில் இருந்த டிஸ்பாட்சரோடும் பராமரிப்புப் பிரிவோடும் நிறையப் பேசினார்கள். கேப்டனின் எண்ணம் லாஸ் ஏஞ்சல்ஸில் இறங்குவது.

பாதுகாப்புக்காக அங்கே இறங்குவதென்றால் இறங்கலாம் என்றுதான் டிஸ்பாட்சர் சொன்னார். கூடவே, அங்கே இறங்கினால் திரும்பக் கிளம்ப ஒரு மணி, ஒன்றரை மணி தாமதமாகும், சான் பிரான்சிஸ்கோவில் நெரிசல் கட்டுப்பாடு இருக்கிறது என்றும் சொன்னார். விமானம் கோளாறில் தவிக்கும்போது இவர்கள் நெரிசலைப் பற்றிக் கவலைப்படுகிறார்களே என்று கேப்டன் காக்பிட்டுக்குள் வியந்து பேசியது குரல்பதிவில் இருக்கிறது. கடைசியில் லாஸ் ஏஞ்சல்ஸுக்கே திரும்பினார்கள். போய்ச் சேரவில்லை. பசிபிக்கில் விழுந்து 88 பேரும் இறந்தார்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடணும்: விபத்துக்குக் காரணம் அந்த உரையாடல் இல்லை. கிரீஸ் சரியாகப் போடாமல் தேய்ந்துபோன திருகு மரை. ஆனால் அந்தப் பேச்சு ஒரு பாடம். டிஸ்பாட்சர் பொய் சொல்லவில்லை, உத்தரவு போடவில்லை. தாமதம் என்பது உண்மையான தகவல்தான். கோளாறோடு பறப்பவரின் காதில் அந்தத் தகவல் எப்படி விழும் என்பதுதான் பிரச்சினை. வீட்டில் ஒருவர், "போகணும்னா போ, ஆனா..." என்று இழுத்தால் அந்த "ஆனா" தானே நமக்குக் கேட்கும்?

ஒரு ஆள், பதினாறு விமானம்

டிஸ்பாட்சருக்கு உங்கள் விமானம் மட்டும் கவலை இல்லை. 2001 செப்டம்பர் 11 அன்று, யுனைடெட் நிறுவனத்தின் ஒரு டிஸ்பாட்சர் பதினாறு விமானங்களுக்குப் பொறுப்பு. காலை 9.19-க்கு அவர் தாமாகவே எச்சரிக்கைச் செய்தி அனுப்பத் தொடங்கினார்: காக்பிட்டுக்குள் யாரும் நுழையாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. ஒவ்வொரு விமானமாக. யுனைடெட் 93 விமானத்துக்கு அது 9.24-க்குப் போய்ச் சேர்ந்தது. குழம்பிப்போன கேப்டன் செய்தியை உறுதிப்படுத்தச் சொல்லி 9.26-க்குப் பதில் எழுதினார். 9.28-க்குத் தாக்குதல் தொடங்கிவிட்டது. சுருக்கமான செய்தி வேகமாகப் போகும். ஆனால் படிப்பவருக்குப் பின்கதை தெரியாது. அந்த இடைவெளியில் போனது இரண்டு நிமிஷம்.

சாதாரணப் புயல் நாளிலும் இதே கதை, சின்ன அளவில். 2011 அக்டோபர் 29, அமெரிக்க வடகிழக்கில் பருவத்துக்கு முந்திய பனிப்புயல். நியூயார்க் பகுதி திணறியது. வெவ்வேறு நிறுவனங்களின் விமானங்கள் கனெக்டிகட்டின் பிராட்லி விமான நிலையத்துக்குத் திரும்பின. இருபதுக்கும் மேல். தனித்தனியாகப் பார்த்தால் அது நியாயமான தேர்வுதான். எல்லோரும் அதையே தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்ற முழுப் படம் யாரிடமும் இல்லை. நிறுத்த இடமில்லை, மின்சாரமும் போனது. ஜெட்புளூவின் ஒரு விமானத்தில் பயணிகள் ஏழு மணி நேரத்துக்கு மேல் உள்ளேயே அடைபட்டார்கள். அதன்பிறகு அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் டைவர்ஷன் பற்றியே தனிக் கூட்டம் கூட்டி, மாற்று இடங்களில் எவ்வளவு இடம் இருக்கிறது என்ற தகவலை எல்லோரும் பகிர்ந்துகொள்வது பற்றிப் பேசியது.

என்ன மாறியது?

சொற்கள் மாறின. 2012-ல் சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு எரிபொருள் விதிகளைத் திருத்தியபோது இரண்டு படிகளைத் தெளிவாக்கியது. "மினிமம் ஃப்யூல்" என்றால்: குறிப்பிட்ட இடத்தில் இறங்கியே ஆகணும், இனி தாமதம் கூடினால் கடைசி இருப்பில் கைவைக்க வேண்டிவரும். இது இன்னும் அவசர நிலை இல்லை. "மேடே, மேடே, மேடே, ஃப்யூல்" என்றால்: அருகிலுள்ள பத்திரமான இடத்தில் இறங்கும்போது கடைசி இருப்பே குறைந்திருக்கும். ஜெட் விமானத்துக்கு அந்தக் கடைசி இருப்பு 30 நிமிஷம். இனி "கொஞ்சம் முன்னுரிமை கொடுங்க" என்று மென்று விழுங்க வேண்டியதில்லை.

பயிற்சியும் மாறியது. விமானிகளுக்குள் எப்படிப் பேசிக்கொள்வது என்ற பயிற்சி மாதிரியே, டிஸ்பாட்சர்களுக்கும் 1990-களில் தனிப் பயிற்சி முறை வந்தது: எப்படிக் கேட்பது, எப்படி மறுத்துச் சொல்வது, எப்போது வாயை மூடிக்கொள்வது.

எனக்கு ரொம்பப் பிடித்த விதி ஒன்று அமெரிக்கச் சட்டத்தில் உண்டு. பறக்கும்போது ஏற்படும் ஆபத்து டிஸ்பாட்சருக்குத் தெரிய வந்தால், கேப்டனிடம் சொல்லி, அவர் முடிவைக் கேட்டுப் பதிவு செய்யணும். கேப்டனைத் தொடர்புகொள்ளவே முடியவில்லை என்றால், டிஸ்பாட்சரே அவசர நிலையை அறிவித்து, தேவையானதைச் செய்யணும். அதாவது மேலே இருப்பவர் சொல்லத் தயங்கும், அல்லது சொல்ல முடியாத அந்தச் சொல்லைச் சொல்ல, தரையில் இன்னொருவருக்கும் கடமை இருக்கிறது.

அந்த பெங்களூரு ராத்திரிக்கு வருகிறேன். பின்னிரவில் மறுபடி கிளம்பிச் சென்னை வந்து சேர்ந்தோம். முக்கால் மணி வட்டமடித்துவிட்டு, இன்னும் ஒரு சுற்று பார்க்கலாம் என்று நிற்காமல் கிளம்பிவிட்டார்களே, அன்று எனக்கு அது எரிச்சலாக இருந்தது. யாரோ ஒருவர் அந்த எண்ணைப் பார்த்து, நேரத்தில் முடிவெடுத்ததுதான் அது என்று இப்போது புரிகிறது.

பெரியவருக்குத்தான் பதில் சொல்லாமல் விட்டேன். முதலாளி இல்லை சார். எங்கேயோ ஒரு ஹாலில் திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்து, நம்ம விமானத்தோட எரிபொருளை எண்ணிக்கொண்டிருந்த ஒருத்தர்.